‘மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்’: ஒரு செயின் பறிப்பு வழக்கு

செயின் பறிப்புப் புகார்கள் நிறையப் படித்திருக்கிறேன். தெரு மாறும், சவரன் கணக்கு மாறும், வண்டியின் நிறம் மாறும். கடைசிக்கு முந்தைய வரி மட்டும் மாறவே மாறாது: ‘மேற்படி நபரை மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.’ புகார் கொடுக்க வந்தவர் தன் வாயால் அப்படிச் சொன்னாரா என்று கேட்காதீர்கள். ஸ்டேஷன் ரைட்டருக்கு அது கைப்பழக்கம். அந்த வரி இல்லாவிட்டால், பிற்பாடு ஆளைப் பிடித்து, பலரோடு வரிசையாக நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அணிவகுப்பில் நிறுத்தும்போது, ‘முகத்தையே பார்க்காதவர் எப்படி அடையாளம் காட்டினார்?’ என்று எங்களைப் போன்ற வக்கீல்கள் பிடித்துக்கொள்வார்கள். எதற்கு வம்பு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள்.

நான் ஜூனியராக இருந்த காலத்தில் அந்த வரியில் தொடங்கிய ஒரு வழக்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நடந்தது சைதாப்பேட்டை நீதிமன்றத்தில். எந்த ஏரியா, எந்த ஸ்டேஷன், யார் யார் என்பதெல்லாம் இதில் வராது. ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில சில்லறை விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். 2024 ஜூலை 1-ல் புதிய சட்டங்கள் வருவதற்கு முந்தைய வழக்கு என்பதால் இந்திய தண்டனைச் சட்டம் 392-வது பிரிவு போட்டிருந்தார்கள். இன்றைக்கென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் பறிப்பு என்று தனிக் குற்றமே இருக்கிறது, மூன்று வருடம் வரை தண்டனை. 392 அப்படியில்லை, பத்து வருடம் வரை போகும். நாங்கள் வாதாடிய பையனின் அம்மா அந்தப் ‘பத்து வருஷம்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் என் சீனியரின் ஆபீஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோலத்தின் மேல்

மார்கழி மாதம், விடியற்காலை 5.20. புகார்தாரர் 61 வயதான ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தெருவில் எல்லோருக்கும் டீச்சரம்மா, நானும் அப்படியே எழுதுகிறேன். வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி வைத்து, பாதிக் கோலம் இழுத்திருந்தார். பல்சர் வண்டி ஒன்று அவரைத் தாண்டிப் போய், தெருமுனையில் திரும்பி, மெதுவாக வந்தது. ஓட்டியவன் தலையில் ஹெல்மெட். பின்னால் உட்கார்ந்திருந்தவன் குரங்குக் குல்லா போட்டிருந்தான். நெற்றி, காது, தாடை எல்லாம் மூடி, நடுவில் உள்ளங்கை அளவுக்கு முகம் தெரியுமே, அந்தக் கம்பளிக் குல்லா. சென்னையின் மார்கழிக் குளிருக்கு அதைப் போட்டுக்கொண்டு யார் போனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குனிந்திருந்தவரின் பிடரியில் கை விழுந்தது. ஒன்பது சவரன் தாலிச் செயின், 72 கிராம். டீச்சரம்மா தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் இழுத்தான். கொக்கிப் பக்கம் அறுந்து, தாலியும் இரண்டு குண்டும் இவர் கையில் தங்கின, மீதி அவனோடு போயிற்று. இவர் கோலத்தின் மேலேயே முகம் குப்புற விழுந்தார். கண்ணாடி ஒரு பக்கம் போய் விழுந்தது. தலையைத் தூக்கியபோது வண்டி நாலு வீடு தள்ளிப் போயிருந்தது. அப்போது பின்னால் இருந்தவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

வழக்கு மொத்தமும் அந்த ஒரு திரும்பலின் மேல்தான் நின்றது.

மற்றதெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த சிசிடிவியில் ஹெட்லைட் வெளிச்சமும் இரண்டு நிழலும் பதிந்திருந்தன, நம்பர் பிளேட் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. மீட்பு என்று காட்டப்பட்டது ஒரு உருக்கிய தங்கக் கட்டி. உருக்கிய தங்கத்தை என் தாலிச் செயின்தான் என்று யாரால் சொல்ல முடியும்? கட்டியை வாங்கியதாகச் சொல்லப்பட்ட அடகுக்கடைக்காரர் கோர்ட்டில் ஏறி, ‘எனக்கு எதுவும் தெரியாது, போலீஸ் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன்’ என்று பிறழ்சாட்சி ஆகிவிட்டார். ஆக மிச்சம் இருந்தது ஒரு முகம். அதுவும் டீச்சரம்மாவின் மனதில் இருந்த முகம்.

அந்தத் தெருவில் அப்போது பழைய மஞ்சள் சோடியம் விளக்குதான். அந்த வெளிச்சத்தில் ஒரு நீலச் சட்டையை நீலம் என்று சொல்ல முடியாது, கறுப்போ சாம்பலோ என்றுதான் தோன்றும். புகாரில் ‘நீல நிறச் சட்டை’ என்று இருந்தது. சீனியர் ஒரு நாள் விடியற்காலையில் என்னை அங்கே நிற்கவைத்து, தானே ஒரு நீலச் சட்டையோடு நாலு வீடு தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார். சட்டை போகட்டும், தினமும் பார்த்துப் பழகிய மனுஷன் என்று தெரிந்திருந்ததால்தான் அது சீனியர் என்று எனக்குத் தெரிந்தது. (அன்றைக்கு ஒரு நாய் எங்கள் இருவரையும் தெருக்கோடி வரைக்கும் துரத்தியது. அதை வழக்குக் கட்டில் சேர்க்கவில்லை.)

செல்போனில் ஒரு படம்

பையனுக்கு அப்போது 22 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செல்போன் திருட்டு வழக்கில் அவன் பெயர் சேர்ந்திருந்தது, அது அப்போதும் நிலுவையில் இருந்தது. ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் படமும் ஏறிவிடும். அந்தப் பக்கம் எங்கே செயின் போனாலும் அந்தப் படங்கள் ஒரு சுற்று வரும்.

சம்பவம் நடந்து பதினோராம் நாள் சாயங்காலம் ஒரு எஸ்.ஐ. டீச்சரம்மாவின் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தார்கள். செல்போனை நீட்டி, ‘இவனான்னு பாருங்கம்மா’ என்றார். இது எதுவும் போலீஸின் எந்தக் காகிதத்திலும் இல்லை. எங்களுக்கு விவரம் முழுக்கத் தெரிந்ததே குறுக்கு விசாரணையில், அதுவும் டீச்சரம்மா எதையும் மறைக்கத் தெரியாதவர் என்பதால்.

சீனியர் கேட்டார்: ‘போட்டோவைப் பார்த்ததும் என்னம்மா சொன்னீங்க?’

‘இருக்கலாம், ஆனா அன்னைக்குக் குல்லா போட்டிருந்தானேன்னு சொன்னேன்.’

‘அதுக்கு எஸ்.ஐ. என்ன சொன்னார்?’

‘நல்லா பாருங்கம்மா, இவன் மேல ஏற்கெனவே கேஸ் இருக்குன்னார். நான் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பார்த்தேன். ஆமா, இவன்தான்னு சொன்னேன்.’

‘அப்புறம்?’

‘கரெக்டா சொன்னீங்கம்மா, நாங்களும் இவனைத்தான் நினைச்சோம்னார்.’

அரசு தரப்பு வக்கீலான ஏ.பி.பி. எழுந்து ஏதோ சொல்ல வந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். நீதிமன்றத் தமிழில் இது இப்படிப் பதிவானது: ‘அணிவகுப்புக்கு முன்பே எதிரியின் புகைப்படத்தை எனக்குக் காட்டினார்கள் என்றால் சரிதான்.’ எதிரி என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கு நம் கோர்ட்டுகள் வைத்திருக்கும் பெயர். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு அந்த வார்த்தை பழகவில்லை.

டீச்சரம்மாவின் முதல் பதில் ‘இருக்கலாம்’. என்னைக் கேட்டால் வழக்கிலேயே அதிக மதிப்புள்ள சாட்சியம் அந்த ஒரு சொல்தான். முறையாகக் கேட்கப்படும் முதல் தடவையில் சாட்சி எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பது உண்மையிலேயே ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்று ஜான் விக்ஸ்டெட், கேரி வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 2017-ல் எழுதினார்கள். அதற்கப்புறம் வரும் உறுதியில் வேறு பலதும் கலந்துவிடுகிறது. இதே வெல்ஸ் 1998-ல் எமி பிராட்ஃபீல்டோடு சேர்ந்து செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு வீடியோவில் துப்பாக்கிக்காரனைக் காட்டிவிட்டு, அவன் இல்லாத ஒரு படவரிசையைக் கொடுத்தார்கள். எல்லோரும் யாரோ ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், எல்லாமே தவறு. சிலரிடம் மட்டும், ‘சரியான ஆளைத்தான் காட்டினீர்கள்’ என்று சொல்லிவைத்தார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் பிற்பாடு அதிக உறுதியோடு பேசினார்கள். அது மட்டுமா, முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் கவனித்துப் பார்த்ததாகவும் நினைக்கத் தொடங்கினார்கள். ஒரு பாராட்டு பின்னோக்கிப் போய், பார்த்ததையே திருத்திவிடுகிறது. ‘கரெக்டா சொன்னீங்கம்மா’ என்ற எஸ்.ஐ. அந்தக் கட்டுரையைப் படித்திருக்கப் போவதில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். வயதான ஒரு அம்மாவுக்குத் தெம்பு கொடுத்தார்.

மறுநாள் பையன் கைது. அன்று சாயங்காலமே அவன் படம் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், ‘நம்ம டீச்சரம்மா செயினை அறுத்தவன் பிடிபட்டான்’ என்ற வரியோடு வந்தது. கை கூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. டீச்சரம்மாவும் ஒன்று போட்டிருந்தார்.

புழலில் மூன்று சுற்று

கைதான இருபத்தாறாம் நாள் புழல் சிறையில் அடையாள அணிவகுப்பு. நடத்தியது வேறொரு நடுவர், அதாவது மாஜிஸ்திரேட். அவர் மேல் எங்களுக்குக் குறையே இல்லை. போலீஸ்காரர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. பையனோடு நின்ற மற்றக் கைதிகள் ஏறக்குறைய அதே உயரம், அதே உடல்வாகு. எங்கே நிற்க வேண்டுமோ நீயே நின்றுகொள் என்று அவனிடம் சொன்னார். சட்டையை மாற்றிக்கொள்ள விட்டார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, ‘என் போட்டோவை முன்னாடியே காட்டிட்டாங்க ஐயா’ என்று அவன் சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

டீச்சரம்மா உள்ளே வந்து, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தடவை நடந்து, திரும்பி வந்து பையனின் தோளைத் தொட்டார். இடம் மாற்றி நிற்கவைத்து மறுபடி அழைத்தார்கள். மறுபடி தொட்டார். மூன்றாவது முறையும் அப்படியே.

மூன்று சுற்று என்றதும் கேட்பவர்களுக்கு ஒரு பிரமிப்பு வரும். யோசித்துப் பாருங்கள். முதல் சுற்றில் அவர் யாரைத் தொட்டாரோ அந்த முகம் இரண்டு நிமிடத்துக்கு முன் பார்த்த முகம். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் அவர் தேடியது மார்கழி விடியற்காலையில் பார்த்தவனையா, சற்று முன் தான் தொட்டவனையா? அதே கேள்வியை முதல் சுற்றுக்கும் கேட்கலாம். அங்கே அவர் தேடியது செல்போனில் பார்த்த படத்தை. வரிசையில் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரன் ஒரே ஒருவன்தான் இருந்தான். அணிவகுப்பு நினைவைச் சோதித்தது உண்மை, அந்தச் சோதனையில் டீச்சரம்மா தேறியதும் உண்மை. எந்த நினைவைச் சோதித்தது என்பதில்தான் கோளாறு. நடுவர் எவ்வளவு நேர்த்தியாக நடத்தினாலும் இருபத்தேழு நாளுக்கு முன் ஒரு வீட்டுக் கூடத்தில் காபி டம்ளரோடு நடந்ததை அவரால் திருப்ப முடியாது.

நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2016 ஜூன் 24 காலை. சிசிடிவி படங்கள் ஒரு வாரம் ஓயாமல் ஓடின. ஜூலை 1 இரவு ஒருவர் கைதானதும் அவர் முகம் தமிழ்நாட்டில் டிவி உள்ள எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் புழலில் அணிவகுப்பு நடந்தது. வழக்கு விசாரணைக்கே வராமல், செப்டம்பரில் அவர் சிறையில் இறந்துபோனார். அந்த வழக்கின் உண்மை பொய்க்குள் நான் போகவில்லை. ஊரே பார்த்துவிட்ட ஒரு முகத்தை அணிவகுப்பில் நிறுத்தி எதைக் கண்டுபிடிக்க முடியும் என்று மட்டும் அன்றைக்கு எங்கள் வக்கீல்கள் வட்டத்தில் பலரும் பேசிக்கொண்டார்கள்.

மூன்று விநாடி

டீச்சரம்மா கூண்டில் ஏறியது சம்பவம் நடந்து இரண்டு வருடம் கழித்து. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் மஞ்சள் பை. ஏ.பி.பி. கேட்பதற்கு முன்பே எதிரியைக் கை நீட்டிக் காட்டிவிட்டார். அந்த அறையில் எதிரி நிற்கும் இடத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான்.

சீனியர் தொடங்கியதும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: ‘முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க முகத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டினவ நான். ஒரு முகத்தைப் பார்த்தா மறக்க மாட்டேன்.’ நடுவர் லேசாகத் தலையாட்டியதைப் பார்த்தேன். எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. இந்த அம்மாவைப் பொய்யர் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் வழக்கு போய்விடும். உண்மையும் அதுதான், அவர் பொய் சொல்லவில்லை.

‘அவன் திரும்பினப்போ எவ்வளவு நேரம்மா பார்த்தீங்க?’

‘ஒரு நிமிஷம் இருக்கும்.’

‘சரி. நான் இப்ப வாட்சைப் பார்க்கறேன். நீங்க அன்னைக்கு விழுந்து எழுந்த மாதிரி நினைச்சுக்குங்க. அவன் திரும்பறான். பார்த்துக்கிட்டே இருங்க. அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினதும் போதும்னு சொல்லுங்க.’

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார். ‘போதும்’ என்றார்.

மூன்று விநாடி. அவரே திகைத்துப்போய் சீனியரைப் பார்த்தார். கண்ணாடி கீழே விழுந்தது எப்போது, மறுபடி போட்டுக்கொண்டது எப்போது என்ற அடுத்த கேள்விக்கு, ‘வண்டி போனப்புறம்தான் தேடி எடுத்தேன்’ என்று சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

பயந்த நேரத்தில் காலம் நீண்டு தெரியும், எல்லோருக்கும் அப்படித்தான். மூன்று விநாடியில் மனிதர்கள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1974-ல் நியூயார்க்கில் ராபர்ட் பக்ஹவுட் என்ற உளவியலாளர் ஒரு பெண்ணின் கைப்பை பறிக்கப்படும் காட்சியை டிவி செய்தியில் சில விநாடிகள் காட்டி, அப்புறம் ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, பறித்தவன் யார் என்று போன் செய்யச் சொன்னார். 2,145 பேர் போன் செய்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் சுமார் 14 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும். அவர்கள் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர்கள், கழுத்தில் யாரும் கை வைக்கவில்லை.

‘கவனமாகப் பார்த்தேன்’ என்பதும் காப்பாற்றாது. 1984-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி, தன்னைத் தாக்கியவனின் முகத்தை அந்த நேரத்திலேயே மனப்பாடம் செய்வதுபோலப் பார்த்தார். பிடித்துக்கொடுக்க வேண்டும் என்ற வைராக்கியம். படங்களிலும் அணிவகுப்பிலும் நீதிமன்றத்திலும் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார். 1987-ல் மறுவிசாரணையின்போது உண்மைக் குற்றவாளியையே கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். இவரை நான் பார்த்ததே இல்லை என்றார். 1995-ல் டிஎன்ஏ சோதனைதான் அந்த முடிச்சை அவிழ்த்தது. அதற்குள் காட்டனுக்குப் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் போய்விட்டது. அமெரிக்காவில் டிஎன்ஏ மூலம் குற்றமற்றவர்கள் என்று தெரிந்து விடுதலையான முதல் 375 பேரில் சுமார் 69 சதவீதம் பேரின் வழக்குகளில் தவறான அடையாளம் காட்டல் இருந்ததாக இன்னசென்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பின் கணக்குச் சொல்கிறது. செயின் பறிப்பில் டிஎன்ஏ ஏது? நம் பையன்களுக்கு அந்தக் கதவும் கிடையாது.

தண்ணி கேன்

இனி வருவது தீர்ப்பில் இல்லாத பக்கம்.

வழக்குக் கட்டை முதன்முதலில் படித்தபோதே எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அன்றைக்கு அங்கே இல்லை என்று சொல்லும் ஒரு பையனை டீச்சரம்மா ஏன் ‘இவன்தான்’ என்று காட்டினார்? பிணையில் வந்த பிறகு பையனைக் கூப்பிட்டு அந்தத் தெருவின் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கம் போயிருக்கிறாயா என்று கேட்டேன்.

‘போயிருக்கேன் சார். அங்க கேன் போட்டுட்டு இருந்தேன்.’

‘எப்போ?’

‘எங்க வீட்டை இடிச்சுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி. ஆறு ஏழு மாசம் போட்டேன் சார். அந்த டீச்சர் வீட்டு மாடிக்குக் கூட ரெண்டு கேன். மாடிப்படி அவங்க வாசல் வழியாத்தான் போவும். ஒரு வெயில்ல மோர் குடுத்தாங்க.’

பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போன பிறகு அந்த வேலை விட்டுப்போனது. கோயம்பேட்டில் ராத்திரி லாரியிலிருந்து மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சம்பவ ராத்திரி அங்கேதான் இருந்தேன் என்பது அவன் சொன்னது. மேஸ்திரியின் கூலி நோட்டிலும் பெயர் இருந்தது. மேஸ்திரியைச் சாட்சியாகப் போட்டோம். ஆனால் பென்சிலில் எழுதிய நோட்டு, நடுவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மோர் விஷயத்தைக் கேட்டதும் நான் குதிக்காத குறை. டீச்சரம்மாவுக்கு அந்த முகம் நிஜமாகவே தெரிந்த முகம். பட்டப்பகலில், இரண்டடி தூரத்தில், பல தடவை பார்த்த முகம். எங்கே பார்த்தோம் என்பது மறந்துவிட்டது, பார்த்தோம் என்பது மட்டும் தங்கிவிட்டது. படத்தைப் பார்த்ததும் ‘தெரிந்த முகம்’ என்ற உணர்வு வந்திருக்கும். பறிப்புக்காரனைத் தேடிக்கொண்டிருந்த மனது அந்த உணர்வை எங்கே கொண்டுபோய் ஒட்டும்? 1970-களில் ஆஸ்திரேலியாவில் டொனால்ட் தாம்சன் என்ற உளவியலாளரை, பாலியல் தாக்குதலுக்கு ஆளான ஒரு பெண் இவர்தான் என்று அடையாளம் காட்டினார். தாக்குதல் நடந்த நேரத்தில் தாம்சன் டிவி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் கண்ணால் கண்ட சாட்சியங்களைப் பற்றி. அந்தப் பெண் தாக்கப்படுவதற்குச் சற்று முன்பு அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்த முகம் தாக்கியவனின் உடம்பில் போய் உட்கார்ந்துவிட்டது.

இதைக் கோர்ட்டில் வைத்தால் போதும் என்று சீனியரிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: ‘ஏ.பி.பி. என்னடா சொல்லுவாரு?’

நின்றுவிட்டேன். ஏ.பி.பி. சொல்லப்போவது தெளிவாகத் தெரிந்தது. பையனுக்குத் தெரு தெரியும், வீடு தெரியும், அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்து கோலம் போடுவார் என்று தெரியும், கழுத்தில் என்ன கிடக்கிறது என்றும் தெரியும். நோட்டம் பார்த்துத்தான் வந்திருக்கிறான். அவன் குற்றமற்றவன் என்பதற்கு என்னிடம் இருந்த ஆகச் சிறந்த விளக்கம், கோர்ட்டில் அவனுக்கு எதிரான ஆகச் சிறந்த சாட்சியமாக மாறிவிடும். சீனியர் அதை எடுக்கவே கூடாது என்றார். எடுக்கவில்லை. குறுக்கு விசாரணையில் தண்ணி கேன் என்ற வார்த்தையே வரவில்லை. அவர் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நினைவுப் பிசகை விளக்கும் உண்மையை மறைத்தால்தான் ஜெயிக்க முடியும் என்ற நிலை எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

அணிவகுப்பு அடிப்படைச் சாட்சியம் கிடையாது, அது புலன்விசாரணைக்கு ஒரு துணை, அவ்வளவுதான். நீதிமன்றத்தில் கை நீட்டிக் காட்டுவதுதான் சாட்சியம். 1970-ல் புத்சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, இன்றும் அதுவே நிற்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை அணிவகுப்பு இல்லாமல் முதன்முதலாகக் கூண்டில் பார்த்து அடையாளம் காட்டினால் அதற்கு மதிப்பில்லை என்று 1979-ல் கேரள வழக்கு ஒன்றில் சொன்னார்கள். 2003-ல் மல்கான்சிங் வழக்கில், அணிவகுப்பு நடத்தாத ஒரே காரணத்துக்காக நீதிமன்ற அடையாளத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்றார்கள். எந்தப் பக்கம் வாதாடுகிறோமோ அதற்கேற்ற தீர்ப்பு கையில் இருக்கும். சாட்சிக்கு முன்பே ஆளைக் காட்டிவிட்டால் அணிவகுப்பு வீண் என்பதை 2022-ல் கிரீசன் நாயர் வழக்கில் மறுபடி அழுத்தமாகச் சொன்னார்கள். அது எங்கள் வழக்குக்குக் காலம் தாழ்ந்து வந்தது. சாட்சியச் சட்டத்தின் 9-வது பிரிவு இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 7-வது பிரிவு. எண் மாறியிருக்கிறது.

நம் ஊர் வழக்கு ஒன்றும் இதில் உண்டு. 1957-ல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத் தகாதவர், இரண்டுக்கும் நடுவே இருப்பவர். முதல் வகை என்றால் ஒரே சாட்சி போதும். கீழ்க்கோர்ட்டில் தினமும் இதை யாராவது படிப்பார்கள். டீச்சரம்மாவை இதில் எங்கே வைப்பது? மனுஷியாக அவர் முழுக்க நம்பத்தக்கவர், அவர் பார்த்த முகம் அப்படியில்லை. இங்கிலாந்தில் 1976-ன் டர்ன்புல் தீர்ப்புக்குப் பிறகு, உறுதியாகப் பேசும் நேர்மையான சாட்சியும் தவறியிருக்கலாம் என்று ஜூரிக்கு நீதிபதி எடுத்துச் சொல்லியாக வேண்டும். இங்கே ஜூரி இல்லை. நடுவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும், சொல்லிக்கொண்டாரா என்பது தீர்ப்பைப் படித்தால்தான் தெரியும்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. ஒற்றைப் படத்தை நீட்டக் கூடாது. பல படங்களைக் காட்டுவதென்றால், யார் சந்தேக நபர் என்றே தெரியாத ஒரு போலீஸ்காரர் காட்ட வேண்டும், இதில் அவன் இல்லாமலும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சாட்சி முதலில் சொன்ன வார்த்தையை, ‘இருக்கலாம்’ என்றால் ‘இருக்கலாம்’ என்றே எழுத வேண்டும். இப்போதெல்லாம் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறதே, அந்த இரண்டு நிமிடத்தை வீடியோ எடுத்தால் போயிற்று.

தீர்ப்பு

ஒன்பது பக்கம். அணிவகுப்புக்கு முன்பே புகைப்படம் காட்டப்பட்டதை அரசு சாட்சி 1 (டீச்சரம்மாதான்) ஒப்புக்கொண்டிருக்கிறார், மீட்பு நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. மூன்று விநாடியைப் பற்றி ஒரு வரி இருந்தது. சோடியம் விளக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. பையன் அதற்கு முன் 67 நாள் புழலில் இருந்துவிட்டிருந்தான், கோயம்பேட்டில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. செயினைப் பறித்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தீர்ப்பன்று டீச்சரம்மா வந்திருந்தார். வர வேண்டிய அவசியமே இல்லை. வராந்தாவில் சீனியரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

‘சார், அவன் எடுக்கலைன்னு நீங்க மனசார நம்புறீங்களா?’

‘நம்புறேம்மா.’

அவர் கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார். ‘நான் வேணும்னு சொல்லலை சார். அந்த போட்டோவைப் பார்த்ததுமே எனக்கு ரொம்ப நாளா தெரிஞ்ச முகம் மாதிரி இருந்துச்சு. அதனாலதான் சொன்னேன்.’

சீனியர் என்னைப் பார்த்தார். நான் வழக்குக் கட்டைக் கக்கத்தில் மாற்றி வைத்துக்கொண்டேன். ‘வரேம்மா’ என்று சொல்லிவிட்டு இருவரும் படி இறங்கினோம். கீழே டீக்கடையில் பையன் அவன் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தான்.